துடைப்பதற்கு முன் படியுங்கள்: பழைய சைக்கிளும் துருவின் வேதியியலும்

தாத்தாவின் சைக்கிள் எங்கள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் பல ஆண்டுகள் சாய்ந்து கிடந்தது. ஜொகூரில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போனதும், கேரியரின் இருபுறமும் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பியதும் அந்தச் சைக்கிளில்தான். 2023-இல் ஒரு பள்ளி விடுமுறையில் அதைப் பழையபடி ஆக்கிவிடுவது என்று இறங்கினேன்.

முதலில் கையில் எடுத்தது மணி. எஃகு மூடி, மேலே நிக்கல் பூச்சு, ஆங்காங்கே பழுப்பு நிறத் துரு. துளையிடும் இயந்திரத்தில் கம்பித் தூரிகையை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டினேன். பிறகு உப்புத்தாள். மூடி பளபளத்தது. பெருமையோடு அப்பாவிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா பேரு எங்கம்மா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் எல்லார் சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கும். மாறிப் போகாமலிருக்கத் தாத்தா தம் பெயரின் இரண்டு எழுத்துகளை ஆணியால் மணியில் கீறி வைத்திருந்தாராம். துருக்கறை என்று நான் தேய்த்து எடுத்தது அந்த எழுத்துகளைத்தான்.

நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். இரும்பு துருப்பிடித்தல் படிவம் 5 வேதியியலில் வரும் பாடம். ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு என் கண்ணெதிரே மணி மூடியில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பழைய சைக்கிள் வைத்திருக்கும் வாசகர்கள் அதே தவற்றைச் செய்யாமலிருக்கவே இந்தக் கட்டுரை.

எழுத்துக்கு மை துருதான்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும். இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகி ஈரத்தில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்களை வேறோர் இடத்தில் ஆக்சிஜனும் தண்ணீரும் பெற்றுக்கொள்கின்றன. கரைந்த இரும்பு மேலும் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்புத் துருவாகப் படிகிறது. அதாவது, துருப்பிடித்த இடம் ஒவ்வொன்றும் ஒரு சிறிய மின்கலம். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், வியர்வை பட்ட கைப்பிடியும் கடற்கரைக் கம்பத்துச் சைக்கிளும் சீக்கிரம் துருவேறுகின்றன. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் குறையாத நம் ஜொகூரில் இந்தக் கலம் ஓய்வெடுப்பதே இல்லை.

மணி, ரிம், கைப்பிடி போன்ற பாகங்களுக்கு நிக்கல் பூச்சு போடுவது இதைத் தடுக்கத்தான். குரோமியம் பூசியவை என்று நாம் சொல்பவற்றிலும் பெரும் பங்கு நிக்கலுக்கே. மேலே தெரியும் குரோமியத்தின் தடிப்பு பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டரைக்கூடத் தாண்டாது; அதன் அடியில் பத்து முதல் முப்பது மைக்ரோமீட்டர் வரை நிக்கல் இருக்கும். ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய எழுபது மைக்ரோமீட்டர். எனவே நாம் காப்பாற்ற நினைக்கும் பளபளப்பு ஒரு முடியளவுகூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு துணியை எடுக்க வேண்டும்.

நிக்கல் இரும்பைவிட எலெக்ட்ரான்களை இழக்கத் தயங்கும் உலோகம். பூச்சு முழுமையாக இருக்கும்வரை நல்ல காவல். ஒரு கீறல் விழுந்துவிட்டால் கதை தலைகீழ். இரும்பு ஆணியில் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் சோதனை மாணவர்களுக்கு நினைவிருக்கும். சுற்றாத ஆணியைவிடச் செம்பு சுற்றிய ஆணியே வேகமாகத் துருப்பிடிக்கும். கீறல் விழுந்த நிக்கல் பூச்சிலும் அதுதான் நடக்கிறது. பூச்சு கிழிந்த கோட்டில் மட்டும் இரும்பு வேகமாகக் கரைகிறது.

தாத்தா ஆணியால் கீறியது பூச்சைத்தான். அந்தக் கோடுகளில் துரு வளர்ந்தது. வெள்ளைப் பின்னணியில் பழுப்பு எழுத்து. மை ஊற்றியது அவரல்ல, காற்றின் ஈரம். துருவை எடுத்தால் எழுத்தும் போய்விடும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

முதல் வேலை வாசிப்பு

இப்போது எந்தப் பாகம் கைக்கு வந்தாலும் முதல் நாள் நான் துணியைத் தொடுவதில்லை. இருட்டில் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல்களுக்குச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழும். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன். மெல்லிய தாளை மேலே போட்டுப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் பள்ளங்கள் தாளில் வெள்ளையாகப் பதியும். சிறுவயதில் நாணயத்தின்மேல் செய்த அதே வேலை.

என்னென்ன படிக்கலாம்? ராலே நிறுவனத்தின் பழைய சைக்கிள்களில் கொக்கின் தலை சின்னமாக இருக்கும்; சிலவற்றின் பல்சக்கரத்திலேயே கொக்குத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜ் சைக்கிளின் பல்சக்கரத்தில் விரித்த உள்ளங்கை தெரியும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தயாரான ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேகப் பின்சக்கர ஹப்பில், உற்பத்தியான காலமே அச்சடிக்கப்பட்டிருக்கும். சக ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்த ஹப்பில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது 56 என்றும் பக்கத்தில் 3 என்றும் தெரிந்தது. 1956 மார்ச்! அவர் அப்பா பிறப்பதற்கு முன்பே அந்த ஹப் பிறந்துவிட்டது. உள்ளாட்சி மன்றங்கள் சைக்கிளுக்கு உரிமம் கொடுத்த காலத்துச் சிறு உலோகத் தகடும் சில வண்டிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். துருப்பிடித்த தகரம் என்று அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கழற்றும்போது ஒரு சொல்: இடது பெடலின் மரைக்குத் திசை நேர்மாறு. வலம்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால் மரைகள் இறுகிப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். சுத்தியல் அவசரத்துக்குப் பாதி பாகங்கள் பலியாகிவிடுகின்றன.

துருவை எடுக்க மூன்று வழிகள்

பூச்சுள்ள பாகங்களுக்குச் சமையலறை அலுமினியத் தாளே போதும். கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்க்க வேண்டும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குரோமியத்துக்கு 8.5, அலுமினியத்துக்கு 3-ஐக்கூட எட்டாது. மென்மையான அலுமினியத்தால் குரோமியத்தைக் கீற முடியாது. மேலே நிற்கும் துருவை மட்டும் சுரண்டும். எஃகுக் கம்பளியும் என் கம்பித் தூரிகையும் அப்படிப்பட்டவை அல்ல. வெறும் நிக்கல் பூச்சை அவை வழித்து எடுத்துவிடும்.

பூச்சில்லாத எஃகுப் பாகங்களுக்குச் சிட்ரிக் அமிலம். கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடைகளில் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் கரைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பாகத்தை அமிழ்த்த வேண்டும். எலுமிச்சையில் இருக்கும் இதே அமிலம், துருவிலுள்ள இரும்பு அயனிகளைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கிறது. துரு தீர்ந்ததும் நல்ல இரும்பையும் மெல்லத் தொடங்கிவிடும். ஆகவே போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து, தையல் இயந்திர எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு விட்டால் பத்தே நிமிடத்தில் மஞ்சளாகப் புதுத் துரு கிளம்பும். துத்தநாகம் பூசிய திருகுகளை இதில் போட்டால் பூச்சு நுரைத்துக் கரைந்துவிடும். கழிப்பறைத் தரை கழுவும் வலிய அமிலத்தைச் சைக்கிளுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்திலுள்ள கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

மூன்றாவது, மின்னாற்பகுப்பு. துருவால் மூடிய பூச்சில்லாத பல்சக்கரம் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. பிளாஸ்டிக் வாளியில் நான்கு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் நேர்மின்சாரத்தின் எதிர்முனையைச் சைக்கிள் பாகத்திலும், நேர்முனையை வேண்டாத ஓர் இரும்புத் துண்டிலும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மின்சாரம் பாயும்போது பாகத்தின்மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழும். எதிர்முனை எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் முனை. இரும்பு இழந்ததை அங்கே திரும்பப் பெறுகிறது. பழுப்புத் துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாறித் தளர்ந்துவிடும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உதிரும். நல்ல இரும்பு குறைவதில்லை என்பதே இந்த முறையின் சிறப்பு.

மின்னாற்பகுப்பு செய்வோர் கவனிக்க வேண்டியவை:

• வெளிப்புறத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே செய்யுங்கள். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே பொறி பட்டால் தீப்பிடிக்கும்.

• நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுத்தன்மை கொண்ட ஆறு இணைதிற குரோமியமாகக் கரையலாம்.

• குரோமியமோ நிக்கலோ பூசிய பாகங்களை இதில் போடாதீர்கள். பூச்சு உரிந்து வரலாம். அலுமினியத்தைச் சோடாக் கரைசலே அரித்துவிடும்.

• சலவைச் சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போடாதீர்கள். குளோரின் வாயு வெளிவரும்.

• சுருள்வில் போன்ற கடினமாக்கிய எஃகு, ஹைட்ரஜனை உள்வாங்கி நொறுங்கும் தன்மை பெறலாம். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

• மின்சாரத்தை நிறுத்திய பிறகே கையை விடுங்கள். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.

கம்பியை மாற்றினால் செதுக்கல்

துரு எடுத்த அதே இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் என்ன ஆகும்? பாகம் நேர்முனைக்கு வந்துவிடும். அங்கே இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரையும். எங்கும் கரையாமல், நாம் காட்டும் இடத்தில் மட்டும் கரைந்தால் அதுதான் மின்வேதிச் செதுக்கல். துருப்பிடிப்பதும் செதுக்குவதும் அடிப்படையில் ஒரே வினை. ஒன்று யாரும் கேட்காமல் நடக்கிறது. மற்றது நாம் கோடு போட்டுக் கொடுக்க நடக்கிறது.

வீட்டில் செய்ய 9 வோல்ட் மின்கலம் ஒன்று போதும். செதுக்க வேண்டிய எஃகுப் பரப்பைச் சுத்தம் செய்து, நகப்பூச்சு பூசிக் காயவிடுங்கள். ஊசியால் எழுத்தைக் கீறினால் அந்தக் கோட்டில் மட்டும் உலோகம் வெளியே தெரியும். அரைக் குவளை நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்துக்கொள்ளுங்கள். நேர்முனைக் கம்பியைப் பாகத்தோடு இணையுங்கள். எதிர்முனைக் கம்பியின் நுனியைப் பஞ்சுக் குச்சியில் சுற்றி, பஞ்சை உப்புநீரில் நனைத்து எழுத்தின்மேல் வையுங்கள். கம்பி உலோகத்தில் படாமல் பஞ்சு மட்டும் பட வேண்டும். சில நொடிகளில் சலசலப்புக் கேட்கும். பஞ்சு பச்சையும் பழுப்புமாகும். கரைந்த இரும்பின் நிறம் அது. பத்து நொடி வைப்பது, எடுப்பது, பஞ்சை மாற்றுவது என்று ஐந்தாறு முறை செய்தால் போதும். உப்பு இங்கே ஒரு துளியளவுதான் என்றாலும் சன்னலைத் திறந்து வையுங்கள்.

எவ்வளவு ஆழம் போகும்? ஃபாரடே விதி கையில் இருந்தால் கணக்குப் போடலாம். ஓர் ஆம்பியர் மின்சாரம் ஒரு நிமிடம் பாய்ந்தால் ஏறத்தாழ 17 மில்லிகிராம் இரும்பு கரையும். சிறிய மின்கலத்திலிருந்து கால் ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 4 மில்லிகிராம் சொச்சம். எழுத்துகளின் மொத்தப் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் என்றால், நிமிடத்துக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆழம். குறைவாகத் தோன்றலாம். விரல் நகத்துக்குத் தட்டுப்படவும் கண்ணுக்குத் தெரியவும் சில நிமிடங்கள் போதும். முடிந்ததும் சமையல் சோடா நீரில் அலசுங்கள். உப்பு மிச்சமிருந்தால் நீங்கள் நிறுத்திய வேலையைத் துரு தொடரும். காயவைத்து எண்ணெய் அல்லது கார் மெழுகு பூசுங்கள்.

எங்கே செதுக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். கைப்பிடி, அதைத் தாங்கும் தண்டு, முன்கவை, கிராங்க், பெடல் அச்சு, சட்டக் குழாய்கள் ஆகியவை ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து நிமிர்கின்றன. அவற்றில் கூர்மையான பள்ளம் விழுந்தால் விசை அங்கே குவியும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஓடும் சைக்கிளில் கைப்பிடி முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மணி, செயின் கவர், பெயர்த் தகடு போன்ற சுமை தாங்காத பாகங்களே செதுக்கலுக்கு ஏற்றவை. குரோமியப் பூச்சின்மேல் மின்வேதிச் செதுக்கல் வேண்டாம். காரணம் மேலே சொன்ன நச்சுதான். சட்ட எண்ணைத் தொடவே கூடாது. அது வண்டியின் அடையாளம். அழிந்திருந்தால் திருட்டு வண்டி என்ற சந்தேகம் வரும்.

அழிந்த எழுத்து திரும்புமா?

மணியை அழித்த இரவு எனக்கு இதே கேள்வி. தடயவியலில் இதற்கு ஒரு பதில் உண்டு. எஃகில் எண்ணை அச்சால் அடிக்கும்போது பள்ளம் மட்டும் விழுவதில்லை. பள்ளத்துக்குக் கீழேயுள்ள உலோகமும் நசுங்குகிறது. திருடன் எண்ணைத் தேய்த்து மழமழப்பாக்கினாலும் நசுங்கிய படிகங்கள் அடியில் இருக்கும். தகுந்த அரிக்கும் கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, மறைந்த எண் மெல்லத் தெரியவரும். திருடப்பட்ட வாகனங்களை அடையாளம் காண இது உதவுகிறது. நம் நாட்டில், கிளந்தானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் ஆர். குப்புசாமியும் சக ஆய்வாளர்களும் இந்தத் துறையில் உழைத்தவர்கள். எஃகிலும் அலுமினியத்திலும் இயந்திரத்தால் செதுக்கி அழித்த குறிகளை அரிப்பு முறையில் மீட்பது பற்றி அவர்கள் 2007, 2008 ஆண்டுகளில் பன்னாட்டுத் தடயவியல் இதழில் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

என் மணிக்கு அந்த வழியும் இல்லை. எஃகை நசுக்கும் அளவுக்குத் தாத்தா அழுத்தவில்லை. மெல்லிய பூச்சைக் கிழித்ததோடு சரி. அந்தப் பூச்சை நான் முழுதாகவே வழித்துவிட்டேன். எழுத்தை நினைவு வைத்திருக்க அங்கே உலோகம் எதுவும் மிச்சமில்லை.

மின்வேதிச் செதுக்கலைப் பழகியதும், அதே இரண்டு எழுத்துகளை மணியில் மறுபடி எழுதிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். "நீ எழுதுனா அது ஒன் எழுத்தும்மா. தாத்தா எழுத்து இல்ல."

யோசித்துப் பார்த்தால், பழம்பொருளைப் பேணுவதில் முதல் பாடமே அதுதான். சேர்த்ததைச் சேர்த்தது என்று தெரியும்படி விட வேண்டும். இழந்ததை இழந்தது என்று எழுதி வைக்க வேண்டும். செயின் கவரின் உட்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், உள்ளங்கையளவு பெயின்ட்டை நீக்கிச் சின்ன எழுத்தில் செதுக்கினேன்: "மணியில் தாத்தாவின் எழுத்து இருந்தது. 2023-இல் அழிந்தது." அதன்மேல் மெழுகு பூசி மூடியிருக்கிறேன்.

கேரியரில் இன்னும் துரு இருக்கிறது. பால் வாளி உரசி உரசிப் பூச்சு தேய்ந்த இரண்டு வளையங்கள் அதில் தெரிகின்றன. எண்ணெய் மட்டும் பூசி அப்படியே விட்டுவிட்டேன். பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய சைக்கிள் இருக்கலாம். இந்த வாரக் கடைசியில் அதை வெளியே எடுங்கள். உப்புத்தாளை வாங்குவதற்கு முன், வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வையுங்கள். எது கறை, எது எழுத்து என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.